வலம் போகிற பஸ்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டின் இங்கிலிஸ் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. நியூசிலாந்தில், ஒக்லண்டின் ரானுயியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களை நான்தான் உடைப்பேன். கரண்ட் பில், பள்ளிக்கூடக் கடிதம், டொக்டரிடம் போகவேண்டிய நாள், குப்பை வண்டி வருகிற கிழமை மாறிய அறிவித்தல் எல்லாவற்றையும் வாசித்து, தேவையானதைத் தமிழில் சொல்லி, தேவையில்லாததை மடித்து மேசை லாச்சிக்குள் வைப்பேன். எது தேவை, எது தேவையில்லை என்பதையும் நானே தீர்மானித்தேன். அப்பா முல்லைத்தீவுக் கரையில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா அதற்கும் முன்பே அடுப்படிக்குப் போனவர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான்தான். இதை அப்பா கோயிலில், கறிச்சரக்குக் கடையில், கார் திருத்துகிற இடத்தில் என்று ஓரிடம் விடாமல் சொல்லுவார். "இவர்தான் எங்கட வீட்டு லோயர்" என்று என் தோளில் கை வைப்பார். நான் அடக்கமாக நிலத்தைப் பார்ப்பேன். ஆனால் அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.

அந்த ஆண்டுக் குளிர்கால விடுமுறையில் நாங்கள் ரரோடோங்காத் தீவுக்குப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அன்ரி. அவர் அந்தத் தீவுக்காரர். அம்மாவும் அவரும் ஆல்பனியில் ஒரே அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்தார்கள். அவருடைய வான் வண்டியில்தான் அம்மா வேலைக்குப் போய்வருவார். இருவருக்கும் பொதுவாக இருந்தது இருபது இங்கிலிஸ் சொற்கள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த இருபது சொற்களுக்குள் அவர்கள் பிள்ளைப்பேறு, முதுகு நோ, மேலதிகாரியின் குணம், மருமகளின் குணம் எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிடுவார்கள். அது எப்படி என்று நான் யோசித்ததில்லை.

தன் தாய் வீடு தீவில் பூட்டிக் கிடக்கிறது, ஒரு கிழமை போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று அன்ரி சொன்னார். அப்பா அப்போது எட்டு வருடமாக ஹென்டர்சனில் சமையலறை அலுமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். லீவு என்று ஒன்றை எடுத்துப் பழக்கமில்லாதவர். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். தன் அண்ணன் அங்கே மீன் பிடிக்கிறவர், சொந்தமாக போட் வைத்திருக்கிறார் என்று அன்ரி அடுத்துச் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு, "என்ன மீன் படுமாம் எண்டு கேள்" என்றார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அம்மாவின் அண்ணன் ஒரு நாள் விடிய வலையோடு கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இது எனக்குத் தெரியும். மாமாவின் படம் எங்கள் வீட்டில் மாலை போடாமல், உயிரோடு இருக்கிறவர்களின் படங்களோடு சேர்த்து முன்னறைச் சுவரில் மாட்டியிருப்பதும் தெரியும். பரீட்சைக்குப் படித்த ஒரு விடை தெரிந்திருப்பதுபோல அது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா எந்தக் கடற்கரையிலும் எவ்வளவு நேரமும் நிற்கலாம், ஆனால் போட்டில் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அரிசி கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: "ஒருக்கா. ஒரேயொருக்காத்தான்." அப்பா தலையாட்டினார். அவர் உடனே வெளியே போய், ஒரு தேவையும் இல்லாமல் புல்லு வெட்டினார்.

பயணம் முடிவானதும் வழிகாட்டி வேலையை நான் எடுத்துக்கொண்டேன், எவரும் தரவில்லை. ஹென்டர்சன் லைப்ரரிக்குப் போய் அந்தத் தீவைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்தேன். பார்க்கவேண்டிய பன்னிரண்டு இடங்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னக் கட்டம் போட்டேன். எரிமலை கக்கி எழுந்த தீவு, நடுவில் மலை, மலையின் உச்சியில் ஊசி போல நிமிர்ந்த ஒரு பாறை, சுற்றிவர நீருக்குள் பவளப்பாறை மதிலாக ஒரு பார், பாருக்கும் கரைக்கும் நடுவில் கண்ணாடிபோன்ற களப்பு என்று சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடத்தினேன். அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "பாரில வாய் எந்தப் பக்கம் இருக்காம்?" என்றார். போட் வெளியே போகிற வழியைத்தான் கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. அது முக்கியமான இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒக்லண்டிலிருந்து சனிக்கிழமை காலை புறப்பட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் இறங்கினோம். நாள்கோட்டைத் தாண்டினால் கிழமை பின்னுக்குப் போகும் என்று பிளேனுக்குள் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடமாட்டார். முதல் நாள்தான் ஒரு வெள்ளி மரக்கறியோடு கழிந்திருந்தது. "அப்ப திரும்பவும் வெள்ளியோ?" என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்த கோழியை அப்பாவின் தட்டுக்கு மாற்றினார். ஒரே கிழமையில் இரண்டு வெள்ளி பிடித்த புண்ணியம் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது. இறங்கியதும் நேற்றைய பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அன்ரியின் வீடு தெற்குக் கரையில் இருந்தது. வாசலில் றோட்டு, றோட்டுக்கு அந்தப் பக்கம் கடல், வீட்டுக்குப் பின்னால் மலை. தீவைச் சுற்றி ஒரே ஒரு பெரிய றோட்டுத்தான். முழுத் தீவும் ஒரு சுற்று முப்பத்திரண்டு கிலோமீற்றர். அதில் இரண்டு பஸ் ஓடும். ஒன்று கடிகார முள் சுற்றுகிற பக்கமாக, மற்றது அதற்கு எதிர்ப்பக்கமாக. பஸ்ஸின் நெற்றியில் அதை இங்கிலிஸில் எழுதியும் இருக்கும். கை காட்டினால் எந்த வாசலிலும் நிற்கும். இதைவிட வசதியான ஊர் இருக்க முடியாது என்று நான் அறிவித்தேன். எந்த இடம் கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் போதும்.

அம்மா முற்றத்தில் நின்று மலையைப் பார்த்தார். முகில் விலகி உச்சிப் பாறை தெரிந்தது. அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு கேட்டார்:

"மலை எங்களுக்கு வலக்கைப் பக்கமா வாறது எந்த பஸ்?"

கடிகாரப் பக்கம் போகிறது என்றேன்.

"அதில மட்டும் போவம்."

ஏன் என்று கேட்டேன். நடுவில் மலை நிற்கும்போது அதை இடமாகச் சுற்றக்கூடாது, இடமாகச் சுற்றுவது செத்த வீட்டில்தான் என்றார்.  இது கோயில் இல்லை, பஸ் என்று நான் வாதாடினேன். "மலைக்கு அது தெரியுமோ?" என்றார் அம்மா. அப்பா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். விடு என்று அர்த்தம்.

என் கொப்பியின் கதை அன்றைக்கே கந்தலாகிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து இடமாகப் போனால் பத்து நிமிடத்தில் வருகிற களப்புக் கடற்கரைக்கு வலமாகத் தீவு முழுவதையும் சுற்றி முக்கால் மணி நேரத்தில் போனோம். இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டால் திரும்பி வருவது என்பது கிடையாது. இன்னொரு முழுச் சுற்று. ஆறு நாளில் பதினேழு சுற்று. பஸ் ஓட்டுநர் ஒருவர், நீங்கள் எங்கேதான் போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் குடும்பம் நிலவியல் படிக்கிறது என்று சொன்னேன். அவர் அதன் பிறகு எங்களைக் கண்டால் ஹோர்ன் அடித்து வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

ஆனாலும் பார்த்தோம். சுண்ணாம்பும் பவளமும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் தேவாலயத்தைப் பார்த்தோம். காட்டுக்குள் விழுகிற அருவியைப் பார்த்தோம். அது அந்த மாதத்தில் குழாயைச் சரியாகப் பூட்டாததுபோல ஒழுகிக்கொண்டிருந்தது, அப்பா மரியாதைக்கு நல்லாயிருக்கு என்றார். ஓடுபாதை முடிகிற தொங்கலில் தலைக்கு மேலாகப் பிளேன் இறங்குவதைப் பார்த்துத் தங்கச்சி தொப்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தாள். மேற்குக் கரையில் கறுப்புப் பாறை ஒன்று இருக்கிறது. இறந்தவர்களின் ஆவி அதிலிருந்துதான் கடலைக் கடந்து புறப்படும் என்று தீவுக்காரர் நம்புவதாகப் புத்தகத்தில் இருந்ததைப் பெருமையாக வாசித்துச் சொன்னேன். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு அரைச் சரி போட்டேன்.

அன்ரியின் அண்ணனை மூன்றாம் நாள் சந்தித்தோம். அவரை நாங்கள் அங்கிள் என்று கூப்பிட்டோம். பெரிய உடம்பு, சின்னக் குரல். போட் கிழக்குத் துறையில் நிற்கிறது, எஞ்சின் கழற்றிப் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை சரியாகும் என்றார். வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு நீர் நிரம்பி நிற்கும், அப்போதுதான் பாரின் வாய் வழியாகப் போவது சுகம், இரண்டரைக்கு முதல் வந்துவிடுங்கள் என்றார். வெள்ளி காலை எங்களுக்குப் பிளேன். ஆகவே வியாழன் ஒரு நாள்தான், அதிலும் அந்த ஒரு நேரம்தான். நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அப்பா எழுதாமலே வைத்துக்கொண்டார்.

வியாழன் காலையிலிருந்து அப்பா அப்பாவாக இல்லை. மூன்று தரம் முகம் கழுவினார். பழைய சேர்ட் ஒன்றைப் போட்டு, கையை மடித்து, மடித்ததை அவிழ்த்து, திரும்ப மடித்தார்.  அம்மா புளிச்சாதம் கட்டினார், தண்ணீர்ப் போத்தலை நிரப்பினார், வீட்டுத் தரையை இரண்டாம் முறையும் கூட்டினார். வலம் போகிற பஸ் ஒன்றரைக்கு எங்கள் வாசலுக்கு வரும், இரண்டேகாலுக்குத் துறையில் நிற்போம் என்று நான் எல்லாரையும் சமாதானப்படுத்தினேன்.

வாசல் படலையைச் சாத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பஸ் எங்களைக் கடந்து போனது. நான் ஓடினேன், கை காட்டினேன். ஓட்டுநர் வழக்கம்போல ஹோர்ன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணி ஒன்று இருபத்தைந்து. கையிலிருந்த தாளை விரித்துப் பார்த்தேன். ஒரு நிரல் வேலைநாளுக்கு, ஒரு நிரல் சனிக்கிழமைக்கு. சனிக்கிழமைக்குரியதை நான் வியாழனுக்கு வாசித்திருந்தேன். அடுத்த வலம் போகிற பஸ் ஒரு மணி நேரம் கழித்து. அதில் ஏறினால் மூன்று மணி தாண்டித்தான் துறைக்குப் போகலாம்.

"பஸ் நேரத்துக்கு முந்தி வந்திட்டுது" என்றேன்.

 அப்பா றோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கத்துக் கற்கட்டின் மேல் போய் இருந்தார், நாங்களும் பின்னால் போனோம். முழங்கை வரைக்கும் மடித்திருந்த சேர்ட் கையை மெதுவாக இறக்கி, பொத்தானைப் பூட்டினார். "சரி, விடு தம்பி. கரையில நிண்டு பாத்தாலும் கடல் கடல்தான்" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துறை இருந்தது இடப்பக்கம், கால் சுற்றுத் தூரம். அந்தப் பக்கத்துப் பஸ் இன்னும் சிறிது நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கடலுக்குப் போகிற ஆள் வீட்டில் ஒரு மனக்குறை வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய கரையின் வழக்கம். அவர் கேட்கமாட்டார்.

அப்பா என்னை லோயர் என்று சொன்ன இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. நான் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, திரும்பி வீட்டுப் பக்கம் போய் நிப்பம். பின்னேரத்தில வலம் போற பஸ் அந்தப் பக்கத்தாலதான் வருமாம். இதில போட்டிருக்கு."

ஏதோ ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தேன். பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம் என்ற வரி அது. அம்மா அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கற்கட்டின் மேல் இருந்த அப்பாவின் முதுகைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாக இருந்தது.

"தாளில போட்டிருக்கோ?"

"ஓம்."

"அப்ப சரி."

அப்பா திரும்பி, "என்னப்பா, வேண்டாம்…" என்று தொடங்கினார். அம்மா அவரை முடிக்க விடவில்லை. "தம்பி வாசிச்சுச் சொல்லுறான். எழும்பி வாங்கோ" என்று தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்தார்.

பஸ் வந்தது. எதிர்ச் சுற்று என்று அதன் நெற்றியில் ஒரு முழ உயரத்தில் எழுதியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஏறியதும், எங்கள் கதையைக் கேள்விப்பட்டிருந்த இந்த ஓட்டுநரும் எங்களைக் கண்டு வாயைத் திறந்தார், நான் வேகமாகக் காசை நீட்டினேன். அம்மா ஜன்னலோரம் இருந்தார். மலை ஜன்னலுக்கு வெளியே, இடப்பக்கத்தில், ஊசிப் பாறை உட்பட முழுவதுமாக நின்றது. ஆறு நாளாக ஒரு முறைகூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. தங்கச்சி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, மவுன்டன் ரோங் சைட்டில நிக்குது."

அம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் வாய்க்குள் வைத்தார். "சாப்பிடு பிள்ளை" என்றார். மிச்ச வழி முழுவதும் அவர் மலைப்பக்கம் பார்க்கவில்லை. தாலிக்கொடியைச் சேலைக்கு மேலாகக் கைக்குள் பொத்திக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பஸ் குலுக்குகிறது என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு முதலே துறைக்குப் போய்விட்டோம். அதுவும் என் பட்டியலில் இருந்த இடம்தான், ஒன்பதாவது கட்டம். களப்பு அங்கே அகன்று ஆழமாகி, இரண்டு சிறு தீவுகளுக்குப் பக்கத்தால் பாரின் வாய் வழியாக வெளிக்கடலுக்குத் திறக்கிறது. கரைப் புல்வெளியில் வட்டமாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். நெடுங்காலத்துக்கு முன் இந்தத் துறையிலிருந்துதான் ஏழு வள்ளங்கள் நியூசிலாந்துக்குப் புறப்பட்டன என்பது மரபு, அதன் ஞாபகமாகத்தான் கற்கள். பலகையில் இருந்ததை நான் எல்லாருக்கும் கேட்க வாசித்து, "இஞ்ச இருந்துதான் எங்கட நாட்டுக்கு முதல் முதல் வந்தவையாம்" என்றேன். எங்கட நாடு என்று நான் எந்த நாட்டைச் சொன்னேன் என்பதை நானே பிறகுதான் கவனித்தேன்.

அப்பா பாரின் வாயைப் பார்த்தார். "எஞ்சின் இல்லாமலோ?"

"ஓம். பாயும் துடுப்பும்தான்."

அவர் இறக்கிய சேர்ட் கையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

அங்கிள் போட்டோடு காத்திருந்தார். மொழிபெயர்ப்பதற்காக நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அப்பா தண்ணீரில் ஓரிடத்தைக் கையால் காட்டி, உள்ளங்கையை மெதுவாகச் சாய்த்தார். அங்கிள் தலையாட்டி, தன் கையை மறுபக்கம் சாய்த்தார். அப்பா சிரித்தார். அங்கிளும் சிரித்தார். என்ன சிரிப்பு என்று இருவரிடமும் இரண்டு மொழியில் கேட்டேன். இருவரும் இன்னும் தண்ணீரைத்தான் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டின் விளிம்பில் கை வைத்து, ஒரே எம்பில் உள்ளே போனார். பலகை அறுக்கிற தொழிற்சாலையிலிருந்து வந்து சோபாவில் இருந்து எழும்ப இரண்டு கையும் ஊன்றுகிற மனிதர் அவர்.

"போயிட்டு வாங்கோ" என்று மட்டும் அம்மா சொன்னார்.

போட் வாயைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கியதைக் கண்டேன். பிறகு சிறு தீவு மறைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அம்மா கல்வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கற்கள் வலக்கைப் பக்கம் இருக்க, கை கூப்பி, செருப்பில்லாமல். தங்கச்சி பின்னால் எண்ணிக்கொண்டே ஓடினாள். மூன்றோடு நிறுத்துவார் என்று பார்த்தேன், ஒன்பதோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். சுற்றுலா வந்த ஆட்கள் கமெராவோடு நின்றார்கள். எனக்குக் காது சுட்டது.

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னிடம் வந்து, உன் அம்மா என்ன செய்கிறார் என்று அன்பாகக் கேட்டார்கள். வழிகாட்டி என்ற முறையில் எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அம்மாவுக்குச் சுகர், தினமும் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர்கள் மிகவும் மெச்சினார்கள். இன்னொரு இளம் சோடி எவரையும் கேட்கவில்லை. அது தீவின் வழக்கம் என்று நினைத்து, அவர்களும் செருப்பைக் கழற்றி, கை கூப்பி, அம்மாவுக்குப் பின்னால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நிம்மதியான முகத்தோடு போனார்கள். தங்கச்சி நாற்பத்தாறில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அம்மா விடவில்லை. புளிச்சாதத்தை நானும் தங்கச்சியும் சாப்பிட்டோம். வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்தது. இடையிடையே அம்மா பாரின் வாயைப் பார்ப்பார். கடல் அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்து, ஒன்பதாவது கட்டத்தில் முழுச் சரி போட்டேன்.

ஐந்து மணிக்குக் கிட்ட போட் வந்தது. அதன் முன்பக்க அணியத்தில் அப்பா நின்றுகொண்டே வந்தார், எதையும் பிடிக்காமல். அம்மா நடையை நிறுத்திவிட்டு அந்த இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டார். போட்டுக்குள் இரண்டு பெரிய சூரை மீன் கிடந்தன. அங்கிள் என்னைக் கூப்பிட்டு, இதை உன் அம்மாவுக்குச் சொல் என்றார். தூரத்தில் பறவைகள் இறங்குவதைத் தனக்கு முதல் உன் அப்பா கண்டுவிட்டார், போட்டைத் திருப்பச் சொல்லி முதுகில் தட்டினார், அதற்குக் கீழேதான் மீன் நின்றது, இந்தக் கடலில் பிறந்தவன் நான், எனக்கு ஒரு விருந்தாளி மீன் காட்டியது இதுதான் முதல் தரம் என்றார். நான் ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். என் பங்குக்கு ஒன்றிரண்டு சொல் சேர்த்தும் விட்டேன். எத்தனையோ கடிதங்களை அப்பா அம்மாவுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் எதையும் நான் அவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. அப்பா வெட்கப்பட்டு மீனின் செவுளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

திரும்புவதற்கு வலம் போகிற பஸ்தான் வழி, பத்தே நிமிடம். அப்பாவின் சேர்ட் உப்பில் விறைத்திருந்தது. மீன் வாசத்துக்குப் பஸ்ஸில் இரண்டு பேர் இடம் மாறி இருந்தார்கள், அவர் கவனிக்கவில்லை. வெளியில் என்ன கண்டார், நீர் எப்படி இழுத்தது, பாருக்கு அப்பால் நிறம் எப்படி மாறியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டு வருடத்தில் அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி இல்லாட்டி இண்டைக்கு உங்களுக்குக் கடல் இல்லை."

"ஓம்" என்றார் அப்பா. அவர் அம்மாவை ஒரு முறை பார்த்தார், பிறகு என் தலையில் உப்புக் கையை வைத்தார். "நல்லா வாசிக்கிறான்."

எனக்கு நெஞ்சு பஸ்ஸுக்குள் கொள்ளவில்லை. விடுமுறை முடிந்ததும் ரானுயிப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, தீவில் என் குடும்பத்தை நான் எப்படி வழிநடத்தினேன் என்று சொல்லப்போகிற பேச்சின் முதல் வசனத்தை அந்த இடத்திலேயே மனதுக்குள் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முற்றத்துக் குழாயடியில் மீனை வெட்ட இருந்தார். அம்மா ஒரு வாளியில் சுடுதண்ணீரும் உப்பும் கலந்து, காலை உள்ளே வைத்துக்கொண்டு படியில் இருந்தார். இரண்டு காலும் வீங்கி, உள்ளங்கால் சிவந்து போயிருந்தது. ஏனம்மா அவ்வளவு நேரம் நடந்தீங்கள் என்று கேட்டேன்.

"எனக்குச் சுகர் எண்டு நீதானே அந்த வெள்ளைக்காரச் சனத்துக்குச் சொன்னனீ" என்றார்.

குழாயடியிலிருந்து அப்பா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா கோபிக்கவில்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. அன்று நான் சொன்ன பொய்களில் அந்த ஒன்றைத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று நினைத்தேன்.